பழைய குரலுக்குப் புதிய ஸ்பீக்கர்: எதை எடுப்பது, எப்படிப் பழக்குவது

கிதார் வாசிக்கும் பலரிடம் இருப்பது 15 முதல் 22 வாட் வரையிலான ஒரு வால்வு ஆம்ப், அதாவது வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப். அதற்குள் ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். ஒலி பிடிக்கவில்லை என்றால் முதலில் பெடல் வாங்குவார்கள், பிறகு வால்வுகளை மாற்றுவார்கள், கடைசியில் கிதாரையே மாற்றிவிடுவார்கள். ஸ்பீக்கரின் பக்கம் கை போவதே இல்லை. ஆனால் காற்றை அசைத்து நம் காதுவரை ஒலியைக் கொண்டுவருவது அந்தக் காகிதக் கூம்புதான். வால்வை மாற்றினால் நூலளவு வேறுபாடு தெரியும். ஸ்பீக்கரை மாற்றினால் ஆம்பையே மாற்றியதுபோல் இருக்கும்.

அதிலும் 1950கள், 60களின் பாணியில் செய்யப்படும் ஸ்பீக்கரைத் தேடுபவருக்கு இரட்டைக் குழப்பம். எதை வாங்குவது என்பது ஒன்று. வாங்கி மாட்டியதும் விறைப்பாக, காதைக் குத்துவதுபோல ஒலிக்கிறதே, இது இதன் பிறவிக் குணமா, புதுச் செருப்பு கடிப்பதைப் போன்றதா என்பது மற்றொன்று. நான் ஒருமுறை நல்ல ஸ்பீக்கர் ஒன்றை மாட்டிய நான்காம் நாளே விற்றுவிட்டேன். ஆறு மாதம் கழித்து, வாங்கியவரின் ஆம்பில் அதைக் கேட்டபோது மனம் கனத்துப்போனது. அதே நான், இன்னொரு ஸ்பீக்கரைப் பழகிவிடும், பழகிவிடும் என்று நம்பி ஓராண்டு வைத்துப் போராடியும் இருக்கிறேன். பழக்குவதால் ஒரு ஸ்பீக்கர் எவ்வளவு மாறும், எவ்வளவு மாறாது என்று அப்போது தெரிந்திருந்தால் இரண்டு தவறையும் செய்திருக்க மாட்டேன்.

முதலில் கழித்துக்கட்ட வேண்டியவை

குரலைப் பற்றிப் பேசுவதற்கு முன் சில எண்களைப் பார்த்துவிட வேண்டும். ஆம்பின் பின்புறம் 8 ஓம் என்றிருந்தால் 8 ஓம் ஸ்பீக்கரையே வாங்குங்கள். வால்வு ஆம்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அந்த எண்ணை நம்பித்தான் சுற்றப்பட்டிருக்கிறது. புது ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் அளந்தால் 6, 7 ஓம் என்று காட்டும். பயப்பட வேண்டாம், அது கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான காயிலின் நேர்மின் தடை மட்டுமே. ஸ்பீக்கரைக் கழற்றிவைத்துவிட்டு வால்வு ஆம்பை ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது.

அடுத்தது வாட். பழைய பாணி ஸ்பீக்கர்கள் ஆளைக் கவிழ்ப்பது இங்கேதான். ஆம்பில் 15 வாட் என்று எழுதியிருப்பது ஒலி சுத்தமாக இருக்கும் வரைக்குமான கணக்கு. முழுக்கத் திருகி, அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும் நிலையில், அதே ஆம்ப் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரைகூடத் தள்ளும். செலஸ்டியன் புளூ என்னும் ஸ்பீக்கர் தாங்குவது 15 வாட். வாக்ஸ் ஏசி30 ஆம்பில் அது இரண்டாக இருந்ததால் கணக்கு ஒருவழியாகச் சரிக்கட்டியது. ஒற்றை புளூவை 15 வாட் ஆம்பில் மாட்டி நாள்தோறும் முழு ஒலியளவில் வாசித்தால் ஒருநாள் காயில் கருகும். ஒற்றை ஸ்பீக்கர் என்றால் ஆம்பைப்போல இரண்டு மடங்கு வாட் தாங்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. ஆம்பைப் பாதிக்கு மேல் திருகாதவர்கள் இதைத் தளர்த்திக்கொள்ளலாம்.

பலர் பார்க்காமலேயே தாண்டிப் போகும் எண் ஒன்று உண்டு: உணர்திறன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அது. இதில் 3 டெசிபல் கூடினால் ஆம்பின் வாட் இரட்டிப்பானதற்குச் சமம். 97 உள்ளதை எடுத்துவிட்டு 100 உள்ளதை மாட்டினால் 15 வாட் ஆம்ப் 30 வாட் ஆம்பைப்போல எழுந்து நிற்கும். டிரம்ஸோடு சேர்ந்து வாசிப்பவருக்கு அது பேருதவி. வீட்டில் வாசிப்பவருக்கோ, வால்வுகள் இனிக்கத் தொடங்கும் முன்பே பக்கத்து வீட்டார் கதவைத் தட்டிவிடுவார்கள். வீட்டு ஆம்புக்கு உணர்திறன் குறைந்த ஸ்பீக்கரைத் தேடி வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. நானே அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நான்கு குரல்கள்

பழைய பாணி என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை நான்கு குடும்பங்களுக்குள் அடங்கும்: அமெரிக்க அல்நிகோ, அமெரிக்க செராமிக், பிரிட்டிஷ் அல்நிகோ, பிரிட்டிஷ் செராமிக். அல்நிகோ, செராமிக் என்பவை ஸ்பீக்கரின் காந்த வகைகள்.

அமெரிக்க அல்நிகோ என்றால் ஜென்சனின் பி வரிசை. ஃபெண்டரின் ட்வீட் துணி போர்த்திய டீலக்ஸ் ஆம்பில் இருந்தது பி12ஆர். அதே நிறுவனத்தின் 5எஃப்6-ஏ பாஸ்மேன் ஆம்பில் 10 அங்குல பி10ஆர் நான்கு. கடைசி எழுத்து காந்தத்தின் அளவைச் சொல்கிறது. ஆர் சிறியது, கியூ அதைவிடப் பெரியது, என் இன்னும் பெரியது. இன்றைய மறுதயாரிப்புகளில் அவை முறையே 25, 40, 50 வாட் தாங்கும். பி12ஆரின் கூம்பு மெல்லியது, லேசானது. மெதுவாக மீட்டினால் மேல் கம்பிகள் மணிபோல ஒலிக்கும். பலமாக மீட்டினால் கூம்பு சீக்கிரமே கலங்கும், கீழ்ச் சுரங்கள் தளர்ந்து சரியும். ப்ளூஸ் வாசிப்பவர்கள் இந்தத் தளர்ச்சிக்காகவே அதை நாடுகிறார்கள். கீழ்ச் சுரம் கட்டுக்கோப்பாக வேண்டும் என்பவர் பி12என் பக்கம் போக வேண்டும்; ஆனால் அதில் அந்த இளகிய அழகு குறைவு.

அமெரிக்க செராமிக், அதாவது ஜென்சன் சி வரிசை, ஆக்ஸ்ஃபோர்ட் போன்றவை, 1960களின் ஃபெண்டர் ஆம்புகளில் ஒலித்தவை. கண்ணாடிபோல் தெளிந்த மேல் சுரம், பின்வாங்கிய நடுப்பகுதி. ரிவெர்ப் போட்டு சுத்தமாக வாசித்தால் இதற்கு ஈடு வேறில்லை. ஆனால் ஃபஸ் பெடலை மிதித்த நொடியில் மேல் சுரம் முள்ளாகக் குத்தும். பெடல் பிரியர்கள் இதை வாங்கும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் அல்நிகோ என்றதும் எல்லோரும் சொல்வது செலஸ்டியன் புளூ. 15 வாட், 100 டெசிபல். நடுவுக்குச் சற்று மேலே துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு பிரகாசம் இதற்கு உண்டு. ஒரே நாணை, அதாவது கார்டை, மீட்டினால் ஆறு கம்பிகளும் தனித்தனியாகக் காதில் விழும். எனக்கு மிகவும் பிடித்த ஸ்பீக்கர் இதுதான். ஆனாலும் ஒற்றை ஸ்பீக்கர் ஆம்புக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை, வாட் கணக்கு இடிப்பதால். அதே குரலின் சாயலில் 50 வாட் தாங்கும் செலஸ்டியன் கோல்டு இருக்கிறது. புளூவைவிடச் சற்றுக் கனமான, முரட்டுத்தனம் கலந்த ஒலி. கையில் பணம் தாராளமாக உள்ளவர்களுக்கு அது நல்ல வழி.

பிரிட்டிஷ் செராமிக்கின் தலைமகன் ஜி12எம், பச்சை நிறப் பின்மூடியால் கிரீன்பேக் என்று பெயர் பெற்றது. 25 வாட், 98 டெசிபல். மார்ஷலின் நான்கு ஸ்பீக்கர் பெட்டிகளில் இருந்து ராக் இசையின் குரலாகவே மாறிப்போனது. நடுப்பகுதியில் உறுமல், மேலே மழுங்கிய மென்மை, கீழே உருண்டையான ஒலி. திரிந்த ஒலியை (டிஸ்டார்ஷனை) இவ்வளவு கனிவாக ஏந்திக்கொள்ளும் ஸ்பீக்கரை நான் வேறு கண்டதில்லை. இதன் அண்ணன் ஜி12எச், பெரிய காந்தம், 30 வாட்.

பெயரை நம்பி ஏமாற வேண்டாம் என்பதற்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செலஸ்டியன் வின்டேஜ் 30 வந்தது 1986இல். 60 வாட் தாங்கும். நல்ல ஸ்பீக்கர்தான், ஆனால் மேல்நடுவில் அதற்கு ஒரு மேடு உண்டு. 60களின் ஒலி வேண்டும் என்று அதை வாங்கியவர்கள் பலர் அந்த மேட்டில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

ஒத்ததிர்வு எண்ணையும், அதாவது கூம்பு இயல்பாகவே அதிகம் அதிரும் அதிர்வெண்ணையும், இங்கே கவனிக்க வேண்டும். ஜி12எச் குடும்பத்தில் 55 ஹெர்ட்ஸ் கூம்பு, 75 ஹெர்ட்ஸ் கூம்பு என்று இரண்டு பழைய வகைகள். கிதாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. 75 ஹெர்ட்ஸ் கூம்பு அந்தச் சுரத்துக்குச் சற்றே கீழே நின்று தோள் கொடுக்கிறது. அதற்குக் கீழே சட்டென்று விலகிக்கொள்வதால் ஒலி இறுக்கமாக இருக்கும். 55 ஹெர்ட்ஸ் கூம்பு அடியில் அகலமாகப் பரவும். ஈ கம்பியை டி வரை இறக்கி வாசிப்பவருக்கு, அதாவது 73 ஹெர்ட்ஸ் வரை போகிறவருக்கு, 55தான் சுகம். பின்பக்கம் மூடிய பெட்டியில் வைத்தால் இரண்டுமே இறுகும். திறந்த பெட்டியில் 55 சில சமயம் தளதளவென்று போய்விடும்.

காந்தச் சண்டை

அல்நிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த உலோகக் கலவை. கோபால்ட் எப்போதுமே விலை உயர்ந்தது; 1978இல் ஜயர் நாட்டின் ஷாபா பகுதியில் நடந்த சண்டைக்குப் பிறகு அதன் விலை எகிறியது. மலிவான செராமிக் காந்தமோ அதற்கு முன்பே, 1960களிலேயே, கிதார் ஸ்பீக்கருக்குள் வந்துவிட்டது. ஆகவே அல்நிகோ ஸ்பீக்கர் இன்றும் விலை கூடுதலாக இருப்பதற்குப் பெருங்காரணம் மூலப்பொருள்.

அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது? பலமாக மீட்டும்போது காயிலில் ஓடும் மின்சாரம் உண்டாக்கும் புலம், காந்தத்தின் புலத்தை ஒரு கணம் தளர்த்துகிறது. அல்நிகோ இந்தத் தளர்ச்சிக்கு எளிதில் ஆட்படும். அதனால்தான் முதல் அடி சற்று அமுங்கி, பின்னால் சுரம் மலர்ந்து வருவதாகச் சொல்வார்கள். கொள்கை சரி. ஆனால் 15 வாட்டில் அது எவ்வளவு கேட்கும் என்பதில் பொறியாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. என் காதுக்குத் தெரிந்தவரை, கூம்பின் எடை, விளிம்பு எவ்வளவு மென்மையானது, காயில் எந்தப் பொருளின் மேல் சுற்றப்பட்டது என்ற மூன்றும் காந்தத்தைவிட அதிகம் பேசுகின்றன. காந்தத்தின் பெயருக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. விளிம்பு மடிப்புகளில் பிசுபிசுப்பான ஒரு பூச்சு இருக்கும். பூச்சு குறைந்தால் ஒலி உயிர்த்துடிப்போடு இருக்கும். ஆனால் சில சுரங்களில், வாசித்த சுரத்தோடு வேறொரு சுரமும் சேர்ந்து அழுவதுபோலக் கேட்கும். பூச்சு கூடினால் அந்த அழுகை நிற்கும், மேல் சுரமும் சற்று அடங்கும். வெபர் போன்ற தயாரிப்பாளர்கள் பூச்சின் அளவை வாங்குபவரே சொல்லும்படி விட்டிருக்கிறார்கள்.

உண்மையான பழைய ஸ்பீக்கரையே வாங்கலாமே என்று தோன்றும். அதன் சட்டகத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 220537 என்றிருந்தால் 220 ஜென்சன், 5 ஆண்டின் கடைசி இலக்கம், 37 அந்த ஆண்டின் வாரம். 1955ஆ, 1965ஆ என்பதை மாடலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 465 என்று தொடங்கினால் ஆக்ஸ்ஃபோர்ட். பிறகு இரு கை விரல்களாலும் கூம்பைச் சமமாக, மிக மெதுவாக உள்ளே அழுத்துங்கள். மணலில் உரசுவதுபோல ஏதாவது கேட்டால் காயில் காந்தத்தில் உரசுகிறது. பல ஆண்டுகள் ஒரே நிலையில் நின்று கூம்பு சற்றுத் தொய்ந்திருந்தால், ஸ்பீக்கரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினாலே சில சமயம் சரியாகிவிடும். ஆனால் கூம்பை ஏற்கெனவே மாற்றியிருந்தால் நீங்கள் வாங்குவது பழைய காந்தமும் சட்டகமும் மட்டுமே. குரல் கூம்போடு போய்விட்டது. அதற்குப் பழைய ஸ்பீக்கரின் விலையைக் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே என் தேர்வு இது. ஒற்றை ஸ்பீக்கர், 20 வாட் சுற்றி, கொஞ்சம் சுத்தமாகவும் கொஞ்சம் திரிந்தும் வாசிப்பவர் என்றால் கிரீன்பேக்கின் குரலில் கூடுதல் வாட் தாங்கும் வகை. செலஸ்டியனின் 65 வாட் கிரீம்பேக் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுத்தமான ஒலி மட்டுமே வேண்டும் என்பவருக்கு சி12என் பாணி. 12 வாட்டுக்குள் உள்ள சிறு ஆம்பை முழுக்கத் திருகி ப்ளூஸ் வாசிப்பவருக்கு பி12ஆர், சந்தேகமே வேண்டாம். இரண்டு ஸ்பீக்கர் பெட்டி உள்ளவர்கள் புளூவையும் ஜி12எச்சையும் சேர்த்து மாட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் 100 டெசிபல் என்பதால் ஒன்றை ஒன்று அமுக்காது; ஒன்றின் பிரகாசத்துக்கு மற்றது அடித்தளம் போடும். வாட் கணக்கை மட்டும் இரண்டில் சிறியதை வைத்துப் போடுங்கள், அதாவது 15 கூட்டல் 15.

பழக்குவது

புது ஸ்பீக்கரில் விறைத்து நிற்பவை இரண்டு: கூம்பின் விளிம்பு மடிப்பு, காயிலை நடுவில் பிடித்து வைத்திருக்கும் ஸ்பைடர் என்னும் மடிப்புத் துணி. ஸ்பைடர் பிசினில் தோய்த்து இறுக்கப்பட்ட துணி. முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான முறை அசைந்த பிறகே அதன் இறுக்கம் தளர்கிறது. அப்போது ஒத்ததிர்வு எண் சில ஹெர்ட்ஸ் இறங்கும். கீழ்ச் சுரம் திறந்துகொள்ளும், மேலே இருந்த முரட்டு விளிம்பு சற்று மழுங்கும். இந்த மாற்றத்தை அளவுகோல் வைத்தே பார்க்கலாம். ஸ்பீக்கரோடு 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக இணைத்து, சிறு ஆம்ப் மூலம் ஒற்றைச் சுரத்தைக் கொடுத்து, அதிர்வெண்ணை மெல்ல நகர்த்துங்கள். ஸ்பீக்கரின் இரு முனைகளில் வோல்ட் உச்சத்தைத் தொடும் இடமே ஒத்ததிர்வு. முதல் நாளும் மூன்றாம் வாரமும் அளந்து பாருங்கள். முள் இடம் மாறியிருக்கும்.

ஆனால் அது சில ஹெர்ட்ஸ்தான். சி12என் எத்தனை மணி நேரம் ஓடினாலும் கிரீன்பேக் ஆகாது. கூர்மை தணியும், பின்வாங்கிய நடுப்பகுதி முன்னே வராது. நான் ஓராண்டு போராடியது அந்த நடுப்பகுதிக்காகத்தான்.

பழக்குவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, வாசிப்பது. தடித்த கம்பிகளில், கழுத்துப் பக்கத்து பிக்கப்பில், முழு நாண்களாக, சுத்தமான ஒலியில் நடுத்தர ஒலியளவில் வாசியுங்கள். கூம்பு அசைய வேண்டும். வெறும் மேல் கம்பி ஓட்டங்களால் ஸ்பைடர் அசையாது. லூப்பர் பெடல் இருந்தால் ஒரு நிமிட வாசிப்பைப் பதிந்து சுற்றவிட்டு நீங்கள் வேறு வேலை பார்க்கலாம். வால்வு ஆம்பைத் தனியே ஓடவிட்டு வீட்டைவிட்டுப் போக வேண்டாம்.

இரண்டாவது வழி, டிரான்சிஸ்டர் ஆம்பில் இணைத்து, பாஸ் நிறைந்த இசையை அல்லது 40, 50 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுரத்தைக் கொடுப்பது. வால்வுகளின் ஆயுள் தேயாது என்பதால் எனக்குப் பிடித்தது இதுதான். விரல் நுனியைக் கூம்பின் ஓரத்தில் படாமல் நெருக்கி வையுங்கள். காற்று மெல்லத் தட்டும். கூம்பு ஓரிரண்டு மில்லிமீட்டர் அசைவது கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். அவ்வளவு போதும். பெட்டிக்கு வெளியே இருக்கும் ஸ்பீக்கருக்குக் காற்றின் அணைப்பு இல்லை. சற்று அதிகமாகத் திருகினாலும் காயில் கடைசிவரை ஓடி டக் டக் என்று இடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே குறையுங்கள். ஒரே மாதிரி ஸ்பீக்கர் இரண்டு இருந்தால் முகத்தோடு முகம் வைத்து, ஒன்றின் கம்பிகளை மட்டும் மாற்றி இணையுங்கள். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். வெளியே வரும் ஒலி வெகுவாகக் குறைந்துவிடும். இரவில் ஓட்ட ஏற்ற வழி.

மூன்றாவது வழி, வால்வு ஹீட்டருக்கான 6.3 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் நேரே இணைப்பது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது அதிகபட்சம் 5 வாட், 16 ஓமுக்கு இரண்டரை வாட். மின்வாரிய மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அப்படியே ஹம் என்று ஒலிக்கும். வேலை செய்யும் வழிதான். ஆனால் இதே வேலைக்கு வேரியாக்கை, அதாவது வோல்டைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரை, நேரே ஸ்பீக்கரில் இணைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேரியாக் மின்வலையிலிருந்து நம்மைப் பிரித்து வைப்பதில்லை. திருகியை எவ்வளவு குறைத்தாலும் முனையைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து உண்டு. மின் வேலை தெரியாதவர்கள் இந்த மூன்றாவது வழியையே மறந்துவிடலாம்.

எவ்வளவு நேரம்? பத்து மணி நேரத்தில் பெரிய மாற்றம் முடிந்துவிடும், இருபதில் அடங்கும், அதற்குப் பிறகு வருவது மிக மெல்லிய மாற்றம். இதற்கிடையில் நம் காதும் பழகிவிடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. அதனால் நான் ஒரு வேலை செய்வேன். முதல் நாளே லூப்பரில் எட்டு வினாடிக்கு ஒரு வாசிப்பைப் பதிந்துவிடுவேன். ஆம்பின் திருகிகள் இருந்த நிலையைக் குறித்துக்கொண்டு, மைக்கைக் கூம்பின் விளிம்புக்கு நேரே ஒரு சாண் தள்ளி வைத்து ஒலிப்பதிவு செய்வேன். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் அதே வாசிப்பு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஸ்பீக்கர் மாறியது எவ்வளவு, காது மாறியது எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விற்றுவிடலாம். நான்காம் நாள் விற்றதுபோல் உறுத்தாது.

மாட்டும்போது ஒரு கவனம். நான்கு ஆணிகளையும் எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரே மூச்சில் ஒன்றை முடுக்கினால் தகட்டுச் சட்டகம் முறுக்கிக்கொள்ளும், காயில் உரசத் தொடங்கும். இரண்டு ஸ்பீக்கர் என்றால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள்; இரண்டு கூம்பும் ஒரே பக்கம் குதிக்க வேண்டும். பழைய ஜேபிஎல் ஒன்றைக் கலந்து மாட்டுபவர்கள் இதைத் தவறவிடக் கூடாது, அதன் கூம்பு மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கம் போகும். மூன்று வாரம் கழித்து ஆணிகளைத் தொட்டுப் பாருங்கள். ஸ்பீக்கருக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள அட்டை வளையம் அமுங்கியிருக்கும். நான்கும் இன்னொரு கால் சுற்று கேட்கும்.